தீனாளிடம் யாரும் கேட்கவில்லை

முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியத் தாள் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பில் ஒரு மாணவி நோட்டுக்கு அடியில் வைத்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். அனிதா டயமன்ட் எழுதிய ‘தி ரெட் டென்ட்’, அதாவது சிவப்புக் கூடாரம். நடைபாதைக் கடையில் வாங்கிய, முதுகு உடைந்த பிரதி. திட்டுவேன் என்று எதிர்பார்த்தவள், நான் பக்கங்களைப் புரட்டுவதைக் கண்டு மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, இதுல தீனாள் பேசுறா.”

அவள் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். விவிலியத்தில் தீனாள் பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் படித்த எனக்கும் அந்தப் பெயர் மங்கலாக நினைவில் இருந்தது. அன்று இரவு ஆதியாகமம் 34ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன்.

யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த மகள் தீனாள் அந்த ஊர்ப் பெண்களைப் பார்க்கப் புறப்படுகிறாள். ஆண்களை அல்ல, பெண்களைப் பார்க்கப் போகிறாள் என்பதைக் கவனியுங்கள். அந்த நாட்டுத் தலைவன் ஏமோரின் மகன் சீகேம் அவளைக் காண்கிறான், கொண்டுபோகிறான், அவளோடு படுக்கிறான், அவளைத் தீட்டுப்படுத்துகிறான். அடுத்த வசனத்திலேயே அவன் மனம் அவள்மேல் ஒட்டிக்கொள்கிறது. அவளை நேசிக்கிறான், அவள் மனதுக்கு இதமாகப் பேசுகிறான். பிறகு தகப்பன்மாரும் சகோதரர்களும் பேசுகிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது. உங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் விருத்தசேதனம் செய்துகொண்டால் சம்மதம் என்கிறார்கள் அண்ணன்மார். ஊரே ஒத்துக்கொள்கிறது. மூன்றாம் நாள், ஆண்கள் வலியில் கிடக்கும்போது, சிமியோனும் லேவியும் பட்டயத்தோடு நுழைந்து அத்தனை ஆண்களையும் வெட்டுகிறார்கள். சீகேமின் வீட்டிலிருந்து தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். பின்பு யாக்கோபின் குமாரர் ஊரைக் கொள்ளையடித்து, அங்கிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடிக்கிறார்கள். தீனாள் யாரைப் பார்க்கப் போனாளோ அந்தப் பெண்கள் கொள்ளைப்பொருள் ஆகிறார்கள்.

இத்தனையிலும் தீனாள் ஒரு சொல் பேசவில்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. வெளியே போனதுதான் அவள் குற்றம் என்று பிற்கால யூத உரைகாரர்களில் சிலர் எழுதினார்கள். அவளை ‘லேயாளின் மகள்’ என்று சொல்லியிருப்பதே, தாயைப் போல மகளும் வெளியே திரிபவள் என்பதற்காகத்தான் என்று காரணமும் கண்டுபிடித்தார்கள். மௌனத்தை நிரப்பும் வேலை நாவலாசிரியர்களோடு தொடங்கவில்லை. ஆண்கள் வெகுகாலமாக அதைச் செய்துவந்திருக்கிறார்கள், பெண்ணின் தலையில் பழியைப் போட்டபடி.

விவிலியக் காலத்தைப் பின்புலமாகக் கொண்ட நாவல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. லூ வாலஸின் ‘பென்ஹர்’ 1880இல் வந்தது. ‘குவோ வாடிஸ்’ 1896இல் நூலானது. லாயிட் டக்ளஸின் ‘தி ரோப்’ 1942. இவற்றிலும் காதல் உண்டு. ஆனால் கதை ஆணுடையது. தேரோட்டுபவனும் படைவீரனும் மனம் மாறும்போது, அந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் தூய்மையான ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். 1990களில் இந்தக் கதைகளின் நடுவே பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் பொதுவான காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்து, பிறகு விசுவாச எழுத்துக்கு வந்த பிரான்சின் ரிவர்ஸ், 1993இல் எருசலேமின் வீழ்ச்சியில் பிழைத்து ரோமில் அடிமையாகும் ஹதாசா என்ற பெண்ணை எழுதினார். 2000-2001இல் தாமார், ராகாப், ரூத், பத்சேபாள், மரியாள் என்று, மத்தேயு சுவிசேஷத்தின் வம்சவரலாற்றில் வரும் ஐந்து பெண்களுக்கும் ஆளுக்கொரு குறுநாவல் எழுதினார். டயமன்டின் நூல் 1997இல் வெளியானது. அவர் யூதப் பெண், பத்திரிகையாளர். அவருடைய நாவல் வாசகிகளின் கைகள் வழியாகவே பரவிப் பெரும் விற்பனையை எட்டியது. தாவீதின் மனைவியர், எஸ்தர் என்று இன்று இந்த வகையில் ஒரு நூலகமே இருக்கிறது.

மாணவியிடம் வாங்கிய அந்த நாவலை ஒரே மூச்சில் படித்தேன். ரமணிசந்திரன் நாவல்களைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துப் படித்த விடுதித் தலைமுறை என்னுடையது. காதல் கதை படிக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். அதனால் முதலில் அந்த ஈர்ப்பை மதிப்போடு பார்க்க விரும்புகிறேன்.

இந்த நாவல்களில் ரொட்டி சுடப்படுகிறது. ஆட்டுமயிர் நூற்கப்படுகிறது. ஒலிவ எண்ணெய் தலையில் தடவப்படுகிறது. பிரசவம் நடக்கிறது, அதுவும் ஒற்றை வசனத்தில் முடிந்துவிடாமல் பக்கம் பக்கமாக, செங்கல்மேல் குந்தி, ஒருத்தி பின்னாலிருந்து தாங்கிப்பிடிக்க. மூலநூலில் ‘அவள் கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெற்றாள்’ என்ற தொனியில் கடந்துபோகும் இடங்களுக்கு எல்லாம் இங்கே உடம்பு கிடைக்கிறது. போர்களும் வம்சப்பட்டியல்களும் பின்னால் நகர, அடுப்படி முன்னால் வருகிறது. வாசகிக்குக் கிடைக்கும் முதல் மகிழ்ச்சி இது: புனிதம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட உலகில் தன்னைப் போன்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்வது.

இரண்டாவது இன்னும் ஆழமானது. அந்தப் பெண்கள் ஆசைப்படுகிறார்கள். எபிரேய விவிலியத்தின் கதைப்பகுதிகளில் ஆண்கள் பெண்களை நேசிப்பதாகப் பல இடங்களில் வருகிறது. ஈசாக்கு ரெபெக்காளை, யாக்கோபு ராகேலை, சிம்சோன் தெலீலாளை. ஒரு பெண் ஒரு ஆணை நேசித்தாள் என்று சொல்லப்படுவது ஒரே ஒருத்தியைப் பற்றித்தான்: சவுலின் மகள் மீகாள், தாவீதை. அவளுக்குக் கிடைத்தது என்ன? அவனைச் சன்னல் வழியாக இறக்கிவிட்டு உயிர் பிழைக்கவைத்தாள். தகப்பன் அவளை வேறொருவனுக்குக் கொடுத்தான். பிறகு அரசியல் பேரத்தில் தாவீது அவளைத் திரும்பக் கேட்டுவாங்கினான். அந்த இரண்டாம் கணவன் பல்த்தியேல் அழுதுகொண்டே அவள் பின்னால் நடந்துவந்தான். அவன் அழுதது பதிவாகியிருக்கிறது. அவள் அழுதாளா என்பது இல்லை. கடைசியில், சாகும்வரை அவளுக்குப் பிள்ளை இல்லை என்ற ஒரு வரியோடு கதை மூடுகிறது. இதைப் படித்த எந்தப் பெண்ணுக்குத்தான் நடுவில் நிறுத்தி, ‘அவள் மனதில் என்ன இருந்தது’ என்று எழுதிப் பார்க்கத் தோன்றாது? ஆசைப்படுவதே அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, வேதத்தின் எல்லைக்குள்ளேயே ஒருத்தி ஆசைப்படுவதைப் படிப்பது ஒரு அனுமதிச்சீட்டு.

சிவப்புக் கூடாரத்தில் தீனாள் தன் கதையைத் தானே சொல்கிறாள். மருத்துவச்சியாக ராகேலோடு நகரத்துக்குப் போகிறாள். அங்கே இளவரசனைப் பார்க்கிறாள். அவனுக்கு நாவலில் ஷாலேம் என்று பெயர். அவளுக்கும் அவன்மேல் ஆசை. விரும்பியே அவனோடு சேர்கிறாள். அண்ணன்மார் அவனை அவள் அருகிலேயே கொல்கிறார்கள். அவள் தகப்பனையும் சகோதரர்களையும் சபித்துவிட்டு எகிப்துக்குப் போகிறாள்.

இதை வகுப்பில் பேச எடுத்தபோது இன்னொரு மாணவி எழுந்தாள். அவளுக்கு நாவல் பிடிக்கவில்லை. “கொண்டுபோனான், படுத்தான், தீட்டாக்கினான்னு மூலத்துல தெளிவா இருக்கும்மா. அதைக் காதல்னு மாத்தி எழுதுனா, நாளைக்கு எவன் வேணா அவளுக்கும் விருப்பம்தான்னு சொல்லலாமே.”

அவள் சொன்னதை எளிதாகத் தள்ள முடியாது. பத்சேபாளின் கதையைப் பாருங்கள். அரசன் மாடியிலிருந்து பார்த்தான், ஆளனுப்பினான், அழைத்துவரச் செய்தான். அவள் கணவன் உரியா அவனுக்காகவே போர்க்களத்தில் இருக்கிறான். அவள் தாவீதுக்குச் சொல்லியனுப்பும் செய்தி எபிரேயத்தில் இரண்டே சொற்கள்: தான் கர்ப்பமாயிருப்பதாக. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதைக் கண்டிக்கும்போதுகூட ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்ததாகத்தான் கதை சொல்கிறான். ஆட்டுக்குட்டி பேசாது. குற்றம் ஏழைக்கு, அதாவது கணவனுக்கு, இழைக்கப்பட்டது. இந்த இடைவெளியை ஹாலிவுட் 1951இல் எப்படி நிரப்பியது? ‘டேவிட் அண்ட் பத்ஷீபா’ படத்தில், அரசன் மாடியில் உலாவுவதை முன்பே கவனித்துவைத்திருந்ததாக அவளே ஒப்புக்கொள்கிறாள். ரிவர்ஸின் பத்சேபாள் சிறுவயதிலிருந்தே தாவீதை மனதில் வைத்திருப்பவள். ஒரு அரசன் ஆளனுப்பினால் ஒரு படைவீரனின் மனைவி மறுக்க முடியுமா என்ற கேள்வி இரண்டிலும் காதலின் வெளிச்சத்தில் மங்கிப்போகிறது. அவளுக்கு ஆசையைக் கொடுத்த அதே கை, அவனுடைய அதிகாரத்தை மறைத்துவிடுகிறது.

இது பழங்கதையோடு முடிவதும் இல்லை. கன்னிப்பெண்ணைப் பலவந்தம் செய்தவன் தகப்பனுக்கு 50 வெள்ளிக்காசு கொடுத்து அவளையே மணக்க வேண்டும் என்கிறது உபாகமம். 2015இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில், வல்லுறவு வழக்கில் தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசலாம் என்று இடைக்கால ஜாமீன் கொடுத்த உத்தரவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண் மறுத்தார். உச்ச நீதிமன்றம் இத்தகைய சமரசத்தைக் கடுமையாகக் கண்டித்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்முறைமேல் கல்யாணப் புடவையைப் போர்த்தும் பழக்கம் நம்மிடம் உயிரோடுதான் இருக்கிறது.

முதல் மாணவி உடனே பதில் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு வந்து நின்றாள். “பலாத்காரம்னு யாரும்மா சொன்னது? தீனாளா? அண்ணன்மாருதானே சொன்னாங்க. எங்க ஊர்ல ஒரு அக்கா வேற சாதிப் பையனோட போனப்பவும் கடத்திட்டான்னுதான் கேஸ் குடுத்தாங்க.”

அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரத்தின் கடைசி வரி அண்ணன்மாருடையது. தங்கையை வேசியைப் போல நடத்தலாமா என்று அவர்கள் கேட்பதோடு முடிகிறது. மானம் போனது யாருக்கு? அவர்களுக்கு. கொல்லப்பட்டவன் யார்? வேற்றினத்தான். ஆணவக்கொலைகளின் நாட்டில் இருந்துகொண்டு ஆதியாகமம் 34ஐப் படிக்கும் பெண்ணுக்கு, தீனாள் அவனை விரும்பியிருக்கக்கூடும் என்று நினைப்பது கனவு அல்ல, அக்கம்பக்கத்துச் செய்தி. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, சங்கரை வெட்டிக் கொன்றார்கள். உடன் வெட்டுப்பட்டுப் பிழைத்த அவர் மனைவி கௌசல்யா, பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். தீனாளுக்குக் கிடைக்காத சாட்சிக்கூண்டு அது. ‘இதுல தீனாள் பேசுறா’ என்று அந்த மாணவி சொன்னபோது அவள் எதைக் கேட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டு மாணவிகளில் யார் சரி? மூலத்தின் அந்த எபிரேய வினைச்சொல் பலாத்காரத்தைத்தான் குறிக்கிறதா, முறைப்படி மணக்காமல் சேர்ந்த இழிவைக் குறிக்கிறதா என்று பெண்ணிய விவிலிய ஆய்வாளர்களிடையேகூட ஒருமித்த கருத்து இல்லை. லின் பெக்டெல் 1994இல் தீனாள் பலாத்காரம் செய்யப்படவில்லை என்றால் என்ன என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். பலரும் அதை மறுத்தார்கள். நான் வந்து சேர்ந்த இடம் இது: நமக்குத் தெரியாததற்குக் காரணம் சொல்லின் பொருள் அல்ல. அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதே காரணம். விருப்பமா வன்முறையா என்று அறிய முடியாதபடி ஒரு பெண்ணின் கதையைச் சொல்லிமுடித்ததே அந்தக் கதையின் வன்முறை. நாவல்கள் ஈர்ப்பது அவை காதலைக் கொடுப்பதால் மட்டும் அல்ல. அவை கேட்கின்றன. ‘நீ சொல்லு’ என்று ஒருத்தியின் முன் உட்காருகின்றன.

ஆனால் கேட்ட பிறகு எந்தப் பதிலை மட்டும் அனுமதிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு நாவல் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. இப்போது இவற்றை வாசிக்கும்போது ஒன்றைத்தான் தேடுகிறேன்: இவளுக்குக் கோபப்பட இடம் இருக்கிறதா? டயமன்டின் தீனாளுக்கு இருக்கிறது. அவள் சாபம் நாவலின் நடுவில் வருகிறது. அதற்குப் பின் அவள் பிள்ளை பெறுகிறாள், பிரசவம் பார்க்கிறாள், பிற்பாடு ஒரு தச்சனோடு அமைதியான வாழ்க்கையும் வாழ்கிறாள். காதல் அவள் கதையில் ஒரு பகுதி, முடிவு அல்ல. ரிவர்ஸின் உலகில் துன்பத்துக்கு ஏற்கனவே ஒரு பொருள் இருக்கிறது. எல்லாம் மீட்பின் திட்டத்துக்குள் வந்து சேர வேண்டியவை. அவருடைய பெண்களை வாசகிகள் நேசிப்பது எனக்குப் புரிகிறது. தங்கள் துன்பம் வீண் இல்லை என்ற ஆறுதல் சிறிய விஷயம் அல்ல. ஆனாலும் அங்கே ஒரு பெண் கோபப்பட்டால், அந்தக் கோபம் அவள் கடந்துவர வேண்டிய குறையாகவே எழுதப்படுகிறது.

டயமன்டையும் அப்படியே விட்டுவிட முடியவில்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கூடிப் பாடி, கதை சொல்லி, ஓய்வெடுக்கும் அந்தச் சிவப்புக் கூடாரம் விவிலியத்தில் இல்லை. லேவியராகமத்தில் இருப்பது ஏழு நாள் தீட்டு. நாவலைப் படித்த அமெரிக்கப் பெண்கள் தங்கள் ஊர்களில் சிவப்புக் கூடாரங்கள் அமைத்துக் கூடினார்கள். வேலையும் வீடுமாக ஓடும் பெண்களுக்கு அப்படி ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. மதுரைப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் ‘முட்டுவீடு’ என்று ஒன்று உண்டு. விலக்கான பெண்கள் ஒதுங்கியிருக்கும் கட்டடம். அங்கேயும் பெண்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் போகாமலிருக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கூடாரத்தின் சிவப்பில் மயங்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

அந்தக் கூடாரத்துக்குள் இன்னொன்றும் மறைகிறது. பில்காளும் சில்பாளும் மூலத்தில் அடிமைப் பெண்கள். எசமானிகள் தங்களுக்காகப் பிள்ளை பெற அவர்களைக் கணவனிடம் கொடுத்தார்கள். டயமன்ட் நால்வரையும் லாபானின் மகள்களாக்கி, தீனாளுக்கு நான்கு தாய்மார் என்று எழுதுகிறார். அழகாக இருக்கிறது. ஆனால் அடிமைத்தனம் சகோதரித்துவமாக மாறிவிட்டது. இதே பில்காளின் கதையிலிருந்துதான் மார்கரெட் அட்வுட் 1985இல் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் கொடுங்கனவை எடுத்தார். ஒரே வேர், இரண்டு மரங்கள். காதல் கதைக்கு எல்லோரும் ஒரு குடும்பமாக இருக்க வேண்டியிருக்கிறது. யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்று அட்வுட்டின் நாவல் கேட்கிறது.

நம் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ நினைவுக்கு வருகிறது. உயிர்பெற்ற அகலிகை, ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிறாள். அங்கே மறுசொல்லல் பெண்ணுக்குக் காதலனைத் தரவில்லை, ஆறுதலையும் தரவில்லை. இன்னொரு பெண்ணுக்கு நேர்ந்ததைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் திறனைத் தந்தது. அப்படியொரு தீனாளை நான் இன்னும் படிக்கவில்லை.

அந்த ஆண்டு கடைசி வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். தீனாளின் பதிலை எழுதவேண்டாம், அவளிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள் என்றேன். நிறைய பேர் ‘அவனை நேசித்தாயா’ என்று எழுதினார்கள். நாவலை எதிர்த்துப் பேசிய அந்த மாணவி மட்டும் விவிலியத்தை மேலும் புரட்டிப் பார்த்திருந்தாள். அந்தப் படுகொலைக்குப் பிறகு தீனாளின் பெயர் இன்னும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. 46ஆம் அதிகாரத்தில், யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலில், சிமியோன், லேவி பெயர்களுக்குச் சில வரிகள் தள்ளி. பார்வோன் அனுப்பிய வண்டிகளில் குடும்பமே புறப்பட்ட பயணம் அது.

அவள் எழுதியிருந்தது: “அத்தனை தூரம் அந்த அண்ணன்களோடு எப்படிப் போனாய்?”